மார்பகப் புற்றுநோய் எதிர்பாராத இடங்களில் பரவினால் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

செல்வி_தேனி

வணக்கம். அம்மாவுக்காகக் கேட்கிறேன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பல வருடங்களுக்கு முன் இடது மார்பில் புற்றுநோய் வந்து ஆபரேஷன், கீமோ, கரண்ட் எல்லாம் முடிந்து, ஐந்து வருடம் ஹார்மோனை அடக்கும் லெட்ரோசோல் மாத்திரையும் சாப்பிட்டார். அப்போதைய ரிப்போர்ட்டில் 'லோபுலர் கார்சினோமா' என்று இருக்கிறது. அதன்பிறகு நன்றாகத்தான் இருந்தார்.

கொஞ்ச மாதங்களாக நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்டது என்கிறார். குமட்டல், வாந்தி, எடையும் இறங்குகிறது. அல்சர் என்று மாத்திரை கொடுத்தார்கள். எண்டோஸ்கோபியில் புண் எதுவும் இல்லை, எடுத்த சதையிலும் ஒன்றுமில்லை என்றார்கள். வாந்தி நிற்காததால் சி.டி. எடுத்தோம். இரைப்பைச் சுவர் சுற்றிலும் தடித்திருக்கிறதாம். மறுபடி எண்டோஸ்கோபி செய்தார்கள், இந்த முறை 'சிக்னெட் ரிங் செல்' புற்றுநோய் என்று வந்துவிட்டது. இரைப்பையை எடுக்க வேண்டும் என்று தேதியும் கொடுத்திருக்கிறார்கள்.

அனுமதிப் படிவத்தில் பழைய மார்பகப் புற்றுநோயை எழுதியிருக்கிறோம். ஆனால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்குமா? அல்லது இது தனியாக வந்த வயிற்றுப் புற்றுநோயா?

நுண்நோக்கி

செல்வி, நான் நோய்க்குறியியல் மருத்துவர். மைக்ரோஸ்கோப்பில் சதை பார்ப்பதுதான் வேலை. அம்மாவின் ஸ்லைடைப் பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஆபரேஷனுக்கு முன் ஒரு கேள்வியை நீங்கள் கேட்டே ஆக வேண்டும்: "இது மார்பிலிருந்து பரவியதா என்று சோதித்தீர்களா?"

காரணம் சொல்கிறேன். மார்பகப் புற்றுநோய்களில் லோபுலர் வகை (பால் சுரப்பிப் பகுதியின் பெயரால் வந்தது) சுமார் 10 முதல் 15 சதவீதம். பெரும்பான்மை, பால் குழாயின் பெயரால் வந்த டக்டல் வகை. இரண்டுமே எலும்பு, கல்லீரல் என்று வழக்கமான இடங்களுக்குப் போகும். லோபுலருக்கு மட்டும் இன்னொரு பழக்கம் உண்டு. இரைப்பை, குடல், வயிற்றின் உள்ளுறை, சினைப்பை, கர்ப்பப்பை, கண் குழி, மூளையைச் சுற்றியிருக்கும் சவ்வு ஆகிய இடங்களுக்கு அது டக்டலைவிட அதிகமாகப் போகிறது.

செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைக்கும் ஈ-கேட்ஹெரின் என்ற புரதம் லோபுலர் செல்களில் பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால் அவை உருண்டு திரண்டு கட்டியாகாமல், ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டித் திசுவுக்குள் ஊர்ந்து போகின்றன. இரைப்பையில் மேல்தோலைத் தொடாமல் அதற்கு அடியில் உள்ள அடுக்குகளில் பரவும். சுவர் தடித்து விறைத்துப்போகும், விரியாது. நாலு வாயிலேயே வயிறு நிறைவது அதனால்தான். முதல் எண்டோஸ்கோபியில் மேலாகக் கிள்ளிய சதை சுத்தமாக வந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அதே இடத்தில் திரும்பத் திரும்பக் கிள்ளி ஆழமாக எடுத்தால்தான் சில நேரம் அகப்படும்.

சிக்கல் என்னவென்றால் இரைப்பையில் தானாகத் தோன்றும் ஒருவகைப் புற்றுநோயும் சாதாரணச் சாயத்தில் இப்படியேதான் தெரியும். அதே மோதிர வடிவச் செல்கள், அதே விறைத்த சுவர். பழைய நோய் பற்றிய குறிப்பு சதையோடு வராவிட்டால் அனுபவசாலிகூட வயிற்றுப் புற்றுநோய் என்றே எழுதிவிட வாய்ப்பு இருக்கிறது. எங்களுக்கு வரும் டப்பாவில் 'இரைப்பை பயாப்ஸி' என்று மட்டும்தான் பல நேரம் எழுதியிருக்கும்.

பிரித்துப் பார்க்க ஐ.எச்.சி. என்ற சோதனை இருக்கிறது, செல்லில் உள்ள குறிப்பிட்ட புரதங்களைச் சாயமேற்றிக் காட்டுவது. ஏற்கெனவே எடுத்த சதையிலேயே செய்யலாம். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பியும் காட்டா-3 என்ற புரதமும் இருந்தால் மார்பகம் பக்கம் சாயும். சி.டி.எக்ஸ்-2, சி.கே-20 என்ற புரதங்கள் இருந்தால் செரிமானப் பாதை பக்கம் சாயும். ஒரே ஒரு சாயத்தை வைத்து முடிவு சொல்லக் கூடாது, நாலைந்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஈ-கேட்ஹெரின் மட்டும் இந்த இடத்தில் உதவாது, இரண்டு நோயிலும் அது காணாமல் போயிருக்கும்.

முடிவைப் பொறுத்துச் சிகிச்சை அடியோடு மாறும். மார்பிலிருந்து பரவியது என்றால் இரைப்பையை எடுப்பதால் பொதுவாகப் பயன் இல்லை. அடைப்பு, ரத்தப்போக்கு போன்ற அவசரங்களுக்கு மட்டும்தான் கத்தி. மற்றபடி உடல் முழுக்கப் போகும் மருந்துதான் சிகிச்சை.

ஓய்வுபெற்ற_சிஸ்டர்

செல்விம்மா, டாக்டர் சொன்னதை எப்படி நடத்துவது என்று நான் சொல்கிறேன். புற்றுநோய் வார்டில் நெடுங்காலம் வேலை பார்த்தவள்.

முதலில் ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டரை நேரில் பார்த்து, பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டை அவர் கையில் கொடுங்கள். ஃபைலில் சொருகிவிட்டு வராதீர்கள். அப்புறம் பழைய ஆஸ்பத்திரிக்குப் போய் மெழுகு பிளாக்கைக் கேளுங்கள். அன்று எடுத்த மார்புச் சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், பல இடங்களில் வருடக்கணக்கில் பாதுகாப்பார்கள். ரிப்போர்ட்டின் மேல் மூலையில் ஒரு பயாப்ஸி எண் இருக்கும், அது இருந்தால் தேடுவது சுலபம். அம்மா கையெழுத்திட்ட கடிதமும் அவருடைய அடையாள அட்டை நகலும் கொண்டு போங்கள். பிளாக் தர மாட்டோம் என்றால் அதிலிருந்து வெட்டிய ஸ்லைடாவது கேளுங்கள். பழையதையும் புதியதையும் ஒரே டாக்டர் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

தேதியைத் தள்ளிவைக்கக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். இந்தச் சோதனைக்கு ஆகும் சில நாட்களில் ஒன்றும் கெட்டுவிடாது. எடுத்த இரைப்பையைத் திரும்ப வைக்க முடியாது.

செல்வி_தேனி

நன்றி டாக்டர், நன்றி அக்கா. நாளைக்கே போகிறோம். ஒன்று மட்டும் புரியவில்லை. இத்தனை வருடம் கழித்து வருமா? ஐந்து வருடம் தாண்டினால் குணம் என்றுதானே அன்று சொன்னார்கள்?

நுண்நோக்கி

ஐந்து வருடக் கணக்கு பல புற்றுநோய்களுக்கு ஓரளவு பொருந்தும். ஹார்மோன் ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோய்க்குப் பொருந்தாது. 2017-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஐந்து வருடம் ஹார்மோன் சிகிச்சை முடித்து அதுவரை நோய் திரும்பாமல் இருந்த 62,923 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். கட்டி 2 செ.மீ.க்குள், அக்குள் நெறிக்கட்டியில் நோய் இல்லை என்ற நல்ல நிலையில் இருந்தவர்களிலேயே, அடுத்த 15 வருடங்களில் 13 சதவீதம் பேருக்கு வேறு உறுப்பில் நோய் தலைகாட்டியது. நெறிக்கட்டிகளில் அதிகம் பரவியிருந்தவர்களுக்கு அது 40 சதவீதத்தை ஒட்டி வந்தது. நல்ல நிலையில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய் திரும்பவில்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

எலும்பு மஜ்ஜை போன்ற இடங்களில் சில செல்கள் வளராமல், சாகாமல் கிடக்கின்றன. எது அவற்றை எழுப்புகிறது என்பதைப் பற்றித்தான் இன்று நிறைய ஆராய்ச்சி நடக்கிறது. ஏன் குறிப்பிட்ட உறுப்புகளுக்கு மட்டும் போகிறது என்ற கேள்வி இன்னும் பழையது. 1889-இல் லண்டனில் ஸ்டீஃபன் பேஜெட் என்ற அறுவை மருத்துவர் மார்பகப் புற்றுநோயில் இறந்த 735 பேரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைத் தொகுத்தார். ரத்தம் போகும் இடமெல்லாம் நோய் சமமாக விழவில்லை என்று கண்டார். கல்லீரலில் நிறைய, மண்ணீரலில் மிகக் குறைவு. விதை எங்கும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று எழுதினார். நூற்றாண்டு தாண்டியும் அந்தக் கருத்து நிற்கிறது.

கோவை_கண்

இந்த இழையில் கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் கண் மருத்துவர்.

கண்ணுக்குப் பின்னால் கட்டி வந்தால் கண் முன்னே பிதுங்கும் என்பதுதான் எல்லோரும் படித்தது. மார்பகப் புற்றுநோய் அங்கே பரவினால் சிலருக்கு நேர்மாறாக நடக்கும். கண் உள்ளே குழிந்துபோகும். செல்கள் கண் குழியின் கொழுப்பில் ஊடுருவி, தழும்புபோல இறுக்கி, கண்ணைப் பின்னுக்கு இழுப்பதுதான் காரணம். 'ஒரு கண் சின்னதாகிவிட்டது', 'இமை தொங்குகிறது', 'இரண்டிரண்டாகத் தெரிகிறது' என்று வருவார்கள். வயதானதால் என்று விட்டுவிடுவது சுலபம். எம்.ஆர்.ஐ. எடுத்து, அங்கிருந்து ஒரு துளி சதை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதைவிட அதிகமாகப் பார்ப்பது விழித்திரைக்குப் பின்னால் உள்ள கோராய்டு அடுக்கு. ரத்தம் மிக அதிகம் பாயும் இடம் அது. பெண்களுக்குக் கண்ணுக்குள் பரவும் புற்றுநோய்களில் மார்பகம்தான் முதல். பார்வையில் ஒரு மங்கல், ஒரு மூலையில் நிழல், நேர்க்கோடு வளைந்து தெரிவது, இப்படித் தொடங்கும். வலி பெரும்பாலும் இருக்காது. சொட்டு மருந்து போட்டு விரித்துப் பார்த்தால் மஞ்சளான மேடு தெரியும், அல்ட்ராசவுண்டில் உறுதிப்படும். இங்கே மட்டும் சதை எடுப்பது எப்போதும் தேவைப்படாது. சீக்கிரம் வந்தால் மருந்தாலோ கரண்ட் வைத்தோ பார்வையைக் காப்பாற்ற முடியும். அதனால்தான் சொல்கிறேன், கண்ணாடி மாற்றப் போனாலும் பழைய மார்பகப் புற்றுநோயைச் சொல்லுங்கள்.

பல்_மருத்துவர்_திருச்சி

கண் டாக்டர் சொன்னதையே பல் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பல்லில் ஒன்றுமில்லாமல், அடிபடாமல், கீழுதடும் முகவாயும் ஒரு பக்கம் மட்டும் மரத்துப்போனால் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பை நோய் அழுத்துவதாக இருக்கலாம். ரத்தப் புற்றுநோய்களை விட்டுவிட்டால் இதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று மார்பகப் புற்றுநோய்தான். எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம், எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

எலும்புக்கு ஜோலெட்ரானிக் ஊசி போடுகிறவர்களுக்கு அந்த மருந்தாலேயே தாடை எலும்பு அரிக்கப்படுவதும் உண்டு. எது என்று தெரியாமல் பல்லைப் பிடுங்கப் போனால் புண் ஆறாது. ஊசி போடுவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கார்த்தி_ஓசூர்

என் மனைவிக்கு நடந்ததை எழுதுகிறேன். சிகிச்சையில் இருந்தபோதே தாகம் தாங்க முடியாமல் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார், இரவெல்லாம் சிறுநீர். சர்க்கரை என்று நினைத்தோம். சர்க்கரை சரியாக இருந்தது. ஒரு இளம் டாக்டர்தான் தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியில் பரவியிருந்தது. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் அங்கிருந்துதான் வருகிறதாம். அதற்கு மாற்றான டெஸ்மோபிரசின் மருந்தைக் கொடுத்ததும் தாகம் அடங்கியது. அதற்குள் உடம்பு வற்றிப்போயிருந்தார். அந்த டாக்டர் கேட்டிருக்காவிட்டால் வெயிலால் வரும் தாகம் என்றே இருந்திருப்போம்.

மதுரை_ஆன்காலஜி

கார்த்தி, உங்கள் மனைவிக்கு நடந்தது பாடப்புத்தகத்தில் உள்ளதுதான், ஆனால் கண்டுபிடிப்பவர்கள் குறைவு. அந்தச் சுரப்பியின் பின்பகுதிக்கு ரத்தக்குழாயிலிருந்து நேரடியாக ரத்தம் வருகிறது, முன்பகுதிக்குப் பெரும்பாலும் சுற்றி வருகிறது. அதனால் பின்பகுதியில்தான் அதிகம் விழும். பிட்யூட்டரிக்குப் பரவும் நோய்களில் மார்பகமும் நுரையீரலும்தான் முன்னணி.

ராஜி_1974

நானும் மார்பகப் புற்றுநோய் வந்து மீண்டவள். சொல்கிறேனே என்று யாரும் தவறாக எடுக்க வேண்டாம். இந்த இழையைப் படித்ததிலிருந்து எனக்குக் கண், தாடை, வயிறு எல்லாமே சந்தேகமாக இருக்கிறது. தாகம் எடுத்தாலும் பயம். இப்படி அபூர்வமானதையெல்லாம் நோயாளிகள் படிக்கும் இடத்தில் போடுவதால் நிம்மதி போகிறதே தவிர என்ன நன்மை?

பாஸ்கர்_சேலம்

ராஜி அவர்களே, பயப்படுவதைவிட வருடத்துக்கு ஒருமுறை பெட் ஸ்கேன் எடுத்துவிட்டால் போகிறது. என் அக்காவுக்கு ஏன் எடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்றே புரியவில்லை. காசு நாங்கள் தருகிறோம் என்றும் சொல்லிவிட்டோம்.

மதுரை_ஆன்காலஜி

இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

பாஸ்கர், தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கு வழக்கமாக ஸ்கேன் எடுப்பதால் ஆயுள் கூடுமா என்று இத்தாலியில் இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. 1994-இல் வெளியாயின. ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள். ஒரு பிரிவுக்கு எலும்பு ஸ்கேனும் நெஞ்சு எக்ஸ்ரேயும் தவறாமல் எடுத்தார்கள், இன்னொரு பிரிவுக்கு உடல் பரிசோதனையும் மேமோகிராமும் மட்டும். உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. அதனால்தான் இன்றும் வழிகாட்டுதல்கள் தொந்தரவு இல்லாதவருக்கு ஸ்கேன் வேண்டாம் என்கின்றன.

இன்னொன்று, நாம் பேசும் லோபுலர் நோயில் சாதாரணப் பெட் ஸ்கேனே பல நேரம் ஏமாற்றும். அது சர்க்கரையை வேகமாக இழுக்கும் செல்களைக் காட்டுவது. லோபுலர் செல்கள் மெதுவாக வளர்ந்து, பரந்து கிடப்பதால் மங்கலாகவே தெரியும் அல்லது தெரியவே தெரியாது. ஸ்கேன் சுத்தம் என்று சொன்ன பிறகு வயிற்றுவலி வந்தால் 'போன மாதம்தானே பார்த்தோம்' என்று விட்டுவிடுவார்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தேடிப்போகும் எஃப்.இ.எஸ். என்ற புதுவகைப் பெட் மருந்துக்கு அமெரிக்காவில் 2020-இல் அனுமதி கிடைத்தது. லோபுலருக்கு அது நல்ல துணை. ஆனால் கல்லீரலும் குடலும் அந்த மருந்தை இயல்பாகவே ஏற்பதால் அங்குள்ள நோயை அது காட்டாது.

ராஜி, உங்கள் கேள்வி நியாயமானது. தாகம் எடுக்கும் நூறு பேரில் ஒருவருக்குக்கூட இது இருக்காது. நான் என் நோயாளிகளிடம் பட்டியல் எதுவும் தருவதில்லை. புதிதாக வந்து, இரண்டு மூன்று வாரம் ஆகியும் போகாமல், நாளுக்கு நாள் கூடினால் மட்டும் வாருங்கள் என்கிறேன். எந்த டாக்டரிடம் போனாலும் 'எனக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தது' என்று முதல் வாக்கியமாகச் சொல்லச் சொல்கிறேன்.

பாஸ்கர்_சேலம்

> 1994-இல் வெளியாயின

டாக்டர், முப்பது வருடத்துக்கு முந்தைய ஆய்வை வைத்து இன்று முடிவெடுப்பது சரியா? அன்று இவ்வளவு மருந்து இல்லையே. சீக்கிரம் கண்டுபிடித்தால் இன்று பலன் இருக்கலாம் அல்லவா?

மதுரை_ஆன்காலஜி

வலுவான கேள்வி. அன்றைக்கு டிராஸ்டுசுமாப் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்துகூட வரவில்லை, 1998-இல்தான் வந்தது. இன்றைய மருந்துகளோடு அந்த ஆய்வைத் திரும்பச் செய்தால் வேறு விடை வரலாம் என்று நம்பும் புற்றுநோய் மருத்துவர்கள் இருக்கிறார்கள், ரத்தத்தில் மிதக்கும் புற்றுநோய் டி.என்.ஏ.வை வைத்துச் சோதித்தும் வருகிறார்கள். விடை வரும்வரை, வலியில்லாத ஒருவருக்கு வருடாவருடம் கதிர்வீச்சும் பொய்யான சந்தேகங்களும் தர எனக்கு மனம் வரவில்லை. உங்கள் அக்காவின் டாக்டரும் அப்படித்தான் நினைக்கிறார் போலும்.

ஓய்வுபெற்ற_சிஸ்டர்

ராஜிம்மாவுக்கு இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். புதிதாக வருவதெல்லாம் பரவல் இல்லை. எங்கள் வார்டில் ஒரு அம்மாவுக்குக் கழுத்தில் நெறிகட்டியது. குடும்பமே அழுது ஓய்ந்துவிட்டது, கீமோவுக்கு நாளும் பார்த்துவிட்டார்கள். பெரிய டாக்டர் மட்டும் ஊசி போட்டுச் சதை எடுக்காமல் விடமாட்டேன் என்றார். பார்த்தால் டி.பி. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமாகிப் போனார். நம் ஊரில் நெறிக்கட்டி, முதுகெலும்பு, நுரையீரல் எங்கே நிழல் தெரிந்தாலும் டி.பி.யையும் நினைக்க வேண்டும். சதையைப் பார்க்காமல் யாருக்கும் முத்திரை குத்தக் கூடாது.

நுண்நோக்கி

சிஸ்டர் சொன்னது மிக முக்கியம். தலைகீழாகவும் நடக்கும். வயிற்றில் நீர் கோத்து, சி.ஏ-125 என்ற ரத்தக் குறியீடு ஏறி, சினைப்பைப் புற்றுநோய் என்று அனுப்பிய ஒருவரின் நீரில் காட்டா-3 இருந்தது, சினைப்பையைக் காட்டும் பாக்ஸ்-8 இல்லை. பழைய லோபுலர் நோய்தான் அது.

சதை எடுப்பதில் இரண்டாவது பலனும் இருக்கிறது. பரவிய இடத்தில் ஏற்பிகள் மாறியிருக்கலாம். மார்பில் இருந்த ஈஸ்ட்ரோஜன் ஏற்பி புதிய இடத்தில் காணாமல் போவதையும், ஹெர்-2 என்ற வளர்ச்சிப் புரதத்தின் நிலை மாறுவதையும் கணிசமானவர்களிடம் பார்க்கிறோம். பழைய ரிப்போர்ட்டை வைத்து மருந்து தொடங்கக் கூடாது.

இரண்டும் தனித்தனி நோயாக வருவதும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஈ-கேட்ஹெரினை உருவாக்கும் சி.டி.எச்-1 மரபணு பிறவியிலேயே பழுதாக இருக்கும் குடும்பங்களில் இரைப்பைப் புற்றுநோயும் லோபுலர் மார்பகப் புற்றுநோயும் வரும். 1998-இல் நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பங்களில்தான் அந்த மரபணு முதலில் பிடிபட்டது. செல்வி, உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது சிறு வயதில் வயிற்றுப் புற்றுநோய் இருந்ததா?

செல்வி_தேனி

எங்கள் வீட்டில் அப்படி யாருக்கும் இல்லை டாக்டர்.

ரிசல்ட் வந்துவிட்டது. பழைய பிளாக் கிடைத்தது, இரண்டையும் ஒரே இடத்தில் பார்த்தார்கள். இரைப்பைச் சதையில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி வலுவாக இருக்கிறது, காட்டா-3 இருக்கிறது, சி.டி.எக்ஸ்-2 இல்லை. மார்பிலிருந்து வந்ததுதான் என்று எழுதியிருக்கிறார்கள். ஹெர்-2 இல்லை. ஆபரேஷனை ரத்து செய்துவிட்டு ஆன்காலஜிக்கு மாற்றிவிட்டார்கள். செல் பெருகுவதைத் தடுக்கும் பால்போசிக்லிப் மாத்திரையும் மாதம் ஒருமுறை ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஊசியும் என்று சொல்கிறார்கள். பரவிவிட்டது என்று கேட்டு அம்மா ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. இரைப்பையை எடுக்கவில்லை என்பதை மறுநாள் காலையில்தான் மனதில் வாங்கிக்கொண்டார்.

சாப்பிட்டது இன்னும் வயிற்றில் நிற்கவில்லை, வாந்தியாகிவிடுகிறது. இந்த நிலையில் மாத்திரை உள்ளே தங்குமா?

மதுரை_ஆன்காலஜி

உங்கள் டாக்டர் ஹார்மோன் மருந்தை ஊசியாகத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும். ஃபுல்வெஸ்ட்ரன்ட் தசையில் போடுவது, வயிறு ஏற்குமா என்ற கவலை இல்லை. முதல் மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்று தடவை, அப்புறம் மாதம் ஒருமுறை. பால்போசிக்லிப் 21 நாள் சாப்பிட்டு 7 நாள் நிறுத்துவது. மாத்திரை போட்டதும் வாந்தி எடுத்தால் அன்று இன்னொன்று கொடுக்க வேண்டாம், மறுநாள் வழக்கமான நேரத்தில் கொடுங்கள். தினமும் வாந்தி என்றால் தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். சிலருக்கு ஊசியில் தொடங்கி, வாந்தி அடங்கியதும் மாத்திரை சேர்ப்போம். வெள்ளை அணுக்கள் குறையும், எனவே ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் ரத்தச் சோதனை கட்டாயம். காய்ச்சல் வந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரி. விலைக்குப் பயந்து விடாதீர்கள். 2023-இல் காப்புரிமை முடிந்து நம் நாட்டு நிறுவனங்களின் பால்போசிக்லிப் வந்திருக்கிறது, விலை நன்றாகக் குறைந்திருக்கிறது.

ஓய்வுபெற்ற_சிஸ்டர்

அந்த ஊசி கெட்டியான எண்ணெய் மருந்து, இரண்டு பிட்டத்திலும் ஒவ்வொன்று போடுவார்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் போட்டால் வலிக்கும். கொஞ்ச நேரம் வெளியே வைத்து, குளிர் போனதும் மெதுவாகப் போடச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரென்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சாப்பாட்டைப் பொறுத்தவரை மூன்று வேளை என்ற கணக்கை விட்டுவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கால் டம்ளர் கஞ்சி, மோர், முட்டை வெள்ளை என்று கொடுங்கள். எடையை வாரம் ஒருமுறை குறித்து வைத்து, அடுத்த தடவை டாக்டரிடம் காட்டுங்கள்.